மணிநோட்டம்

சிவகங்கைச் சீமையில் காளையார்கோவில் என்னும் தொன்மையான ஊர் உள்ளது. சங்க காலத்தில் அதற்குக் கானப்பேர் என்று பெயர். அகழியும் மதிலும் காவற்காடும் சூழ்ந்த வலிய கோட்டை ஒன்று அங்கே இருந்தது. வேங்கைமார்பன் என்னும் தலைவனிடமிருந்து அதனைப் பாண்டியன் உக்கிரப் பெருவழுதி வென்றான். பழுக்கக் காய்ச்சிய இரும்பின்மேல் பட்ட நீரைத் திரும்பப் பெறுதல் இயலுமா? அக்கோட்டையை மீட்பதும் அத்தகைய அரிய செயலே என்னும் கருத்தமைய ஐயூர் மூலங்கிழார் புறநானூற்றில் பாடினார்.

அதே ஊர் 1772ஆம் ஆண்டில் மற்றொரு போரைக் கண்டது. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலியின் படையும் ஆங்கிலக் கம்பெனியின் படையும் ஒன்றுகூடி அதனைத் தாக்கின. சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் அப்போரில் வீழ்ந்தார். அவருடைய தேவியார் வேலு நாச்சியார் விருப்பாட்சிக்குச் சென்று, காலம் பார்த்துக் காத்திருந்து, 1780இல் நாட்டை மீட்டார்.

வெற்றி பெற்ற நவாபின் நிலையும் மகிழத்தக்கதாக இல்லை. கம்பெனிக்கும் அதன் அலுவலர் பலருக்கும் அவர் பட்ட கடன் மலைபோல் வளர்ந்தது. எட்மண்டு பர்க்கு என்னும் அறிஞர் 1785இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் அக்கடனைக் குறித்தே நீண்டதோர் உரை நிகழ்த்தினார். இவ்வாறு கடனில் ஆழ்ந்திருந்த நவாபு, இங்கிலாந்து அரசி சார்லட்டுக்கு உயர்ந்த வைரங்களைப் பரிசாக அனுப்பினார். அவற்றுள் இரண்டு, ஆர்க்காட்டு வைரங்கள் என்னும் பெயரால் உலகப் புகழ் எய்தின. அவை கைமாறிய வரலாறு பெரும்பாலும் ஏலக்கூடங்களின் வரலாறே ஆகும். நகைகளையும் மணிகளையும் ஆராய்ந்து, மதிப்பிட்டு, ஏலத்திற்குக் கொண்டுவரும் வல்லுநரின் தொழில் எத்தகையது என்பதை அவ்வரலாற்றின் வழியே நன்கு அறியலாம்.

மணிகளை ஆராய்தல் தமிழர்க்குப் புதிய கலை அன்று. கொற்கையில் முத்தெடுத்தவர்களும் மதுரையில் மணி விற்றவர்களும் அக்கலையில் தேர்ந்திருந்தனர். சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரை நகரின் கடைத்தெருவைக் காணும் பகுதி ஒன்று உண்டு. அங்கே இளங்கோவடிகள் வைரத்திற்குரிய குற்றங்கள் நான்கினைப் பெயர் சுட்டிக் கூறுகிறார். காக்கையின் கால் போன்று கீறிக் கிடப்பது காகபாதம், உள்ளே படிந்த கறை களங்கம், புள்ளி விந்து, கோடு ஏகை. இற்றைநாளில் வல்லுநர்கள் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் உருப்பெருக்கியைக் கண்ணில் ஒற்றி வைரத்தினுள் தேடுவதும் இத்தகைய குற்றங்களையே அன்றோ? கருவி மாறியிருக்கிறது; கண்ணின் வேலை மாறவில்லை. இவ்வாறு மணியின் குற்றமும் குணமும் நாடிக் காண்பதை நோட்டம் என்று பழந்தமிழர் வழங்கினர்.

நோட்டம் பழையது; ஏலம் பிற்காலத்தது. ஏலம் என்னும் சொல் போர்த்துகீசிய மொழியினின்று தமிழுக்கு வந்தது என்பர். 'ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம்' என்று கூவி முடிக்கும் முறையைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் கேட்கலாம். கண்மாய் மீனும் புளியமரத்துக் காயும் அவ்வாறே விலை போகின்றன. இலண்டன் நகரில் சோத்பி நிறுவனம் 1744இலும் கிறிஸ்டி நிறுவனம் 1766இலும் இத்தொழிலைத் தொடங்கின. பிரெஞ்சுப் புரட்சியில் உயிரிழந்த துபாரி சீமாட்டியின் நகைகளைக் கிறிஸ்டி நிறுவனம் 1795இல் ஏலமிட்டது. அரசர்களின் முடி சாய்ந்தபோதும், பிரபுக்களின் செல்வம் குன்றியபோதும் அவர்களுடைய அணிகலன்கள் ஏலக்கூடத்தை நாடி வந்தன.

மீன் ஏலத்திற்கும் மணி ஏலத்திற்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. மீனை வாங்குவோர்க்கும் மீனைத் தெரியும், விற்போர்க்கும் தெரியும். மணியின் நிலை அவ்வாறன்று. பாட்டி விட்டுச் சென்ற மோதிரத்தில் பதித்திருப்பது வைரமா, கண்ணாடியா என்று பேர்த்தி அறியமாட்டாள். வாங்க வருபவனுக்கும் அது ஐயமே. அறிந்தவர் நடுவே நிற்கும் வல்லுநர் ஒருவரே. அவர் சொல்லை நம்பியே ஒருவர் விற்கிறார், மற்றொருவர் வாங்குகிறார். ஆதலின் அவருடைய தொழிலுக்கு முதற்பொருள் பணமும் அன்று, கல்லும் அன்று, நம்பிக்கையே ஆகும்.

இதற்குச் சான்றாக உண்மை நிகழ்ச்சி ஒன்றைக் கூறலாம். 1980களில் இங்கிலாந்து நாட்டுப் பெண்மணி ஒருவர், பழம்பொருள்களை விற்கும் திறந்தவெளிச் சந்தையில் மோதிரம் ஒன்றைப் பத்துப் பவுண்டுக்கு வாங்கினார். பெரிய கல்லாக இருந்தமையின் அது போலி நகையே என்று கருதி, கடைக்குச் செல்லும்போதும் வீட்டு வேலை செய்யும்போதும் அதனை அணிந்திருந்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்தபின் நகை வணிகர் ஒருவர் அதனைக் கண்டு, உண்மை வைரமாக இருக்கலாம் என்று கூறினார். சோத்பி நிறுவனத்து வல்லுநர்கள் அதனை ஆய்வுக்கு அனுப்பினர். அது 26.27 காரட்டு எடையுள்ள உண்மையான வைரம் என்பது வெளிப்பட்டது. பழைய முறையில் வெட்டப்பட்ட வைரமாதலின் அது இக்காலத்து வைரம்போல் பளிச்சென்று ஒளிரவில்லை. அதனாலேயே அதன் பெருமை மறைந்து கிடந்தது. 2017ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அது 6,56,750 பவுண்டுக்கு விலை போயிற்று. அவ்வல்லுநர்கள் உண்மையை மறைத்து, நூறு பவுண்டு கொடுத்துத் தாமே அதனை வாங்கியிருந்தால் அப்பெண்மணி அறிந்திருப்பாரா? அறிந்திருக்கமாட்டார். அறியாதவரிடத்து உண்மை கூறுவதே அறிந்தவரின் அறம்.

இத்தொழிலுக்கு வர விரும்புவோர் கற்க வேண்டியவை பல. வைரத்தின் மதிப்பு, எடை, நிறம், தெளிவு, வெட்டு என்னும் நான்கினைப் பொறுத்தது. எடையைக் காரட்டு என்னும் அளவால் கூறுவர். முற்காலத்தில் தமிழ்நாட்டுப் பொற்கொல்லர் குன்றிமணியை எடையாகக் கொண்டதுபோல், மேனாட்டார் ஒருவகை மரத்தின் விதையை எடையாகக் கொண்டனர். அவ்விதையின் பெயரே காரட்டு என மருவியது. 1907இல் ஒரு காரட்டு என்பது 200 மில்லிகிராம் என உலகப் பொது அளவாக வரையறுக்கப்பட்டது. நிறத்திற்கும் படிகள் உண்டு. சிறிதும் நிறமற்ற தூய வைரம் முதற்படியில் நிற்கும்; மஞ்சள் சாயல் மிகுதோறும் படி இறங்கும். வைரம் முழுதும் கரியே எனினும், அதனுள் கலந்த நைட்ரசன் அணுக்கள் மஞ்சள் சாயலைத் தருகின்றன. நைட்ரசன் கலப்பு மிக அரிதாகிய வைரங்கள் நீரைப்போல் தெளிந்திருக்கும். ஆந்திர நாட்டுக் கிருஷ்ணை ஆற்றங்கரைச் சுரங்கங்களிலிருந்து வந்த கோல்கொண்டா வைரங்கள் பல இவ்வினத்தைச் சார்ந்தவை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரேசில் நாட்டில் வைரம் காணப்படும்வரை, உலகிற்குப் பெரும்பாலும் வைரம் அளித்தது இந்திய நாடே.

நூலறிவு மட்டும் போதாது. முன்பெல்லாம் வாயால் ஊதிப் பார்ப்பது ஒரு சோதனை. வைரம் வெப்பத்தை விரைந்து கடத்துவதால் அதன்மேல் படிந்த மூச்சின் ஆவி நொடியில் மறையும். கண்ணாடியில் சற்றே தங்கும். இன்று அத்தகைய எளிய சோதனைகளை மட்டும் நம்புதல் இயலாது. 1954இல் அமெரிக்க அறிவியலார் ஆய்வுக்கூடத்திலேயே வைரத்தை விளைவித்தனர். பிற்காலத்தில் நகைக்கு ஏற்ற பெரிய கற்களும் அவ்வாறு உருவாயின. அவையும் கரியே, அவையும் வைரமே. மண்ணில் விளைந்ததா, ஆய்வுக்கூடத்தில் விளைந்ததா என்பதைக் கண் காணாது, நுண்கருவிகளே காணும். ஆதலின் இளைஞர்கள் மணியியல் கற்றுப் பட்டயம் பெறுகின்றனர். இத்தகைய பட்டயத் தேர்வு இங்கிலாந்தில் 1913ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. பட்டயம் பெற்றபின்னும் பல ஆண்டுகள் மூத்த வல்லுநரிடம் பணி புரிந்து, ஆயிரக்கணக்கான கற்களைக் கையில் எடுத்துப் பார்த்தபின்னரே நோட்டம் கைவரும்.

ஏலத்திற்கு முன் வல்லுநர் செய்யும் பணியே பெரிது. நகையின் எடையையும் கல்லின் இயல்பையும் செய்தவர் பெயரையும் செய்த காலத்தையும் ஆராய்ந்து, பட்டியல் நூலில் எழுதுகிறார். இன்ன தொகை முதல் இன்ன தொகை வரை விலை போகக்கூடும் என்று மதிப்புக் கூறுகிறார். அத்தொகைக்குக் கீழ் விற்பதில்லை என்று உடையவரோடு கலந்து ஓர் எல்லையையும் வகுக்கிறார். மதிப்பை மிகைப்படுத்தினால் வாங்குவோர் வாரார். குறைத்தால் விற்பவர் கெடுவர். இரண்டிற்கும் இடையே நிற்பது கத்திமுனையில் நடப்பது போன்றது. விற்பனை முடிந்தபின் நிறுவனம் தன் பங்கினைப் பெறுகிறது. விலை உயர உயரத் தன் பங்கும் உயரும் என்பதை அறிந்திருந்தும், குற்றமுள்ள கல்லைக் குற்றமுள்ளது என்றே எழுதுபவரே சிறந்த வல்லுநர்.

இனி, ஆர்க்காட்டு வைரங்களின் வரலாற்றுக்கு வருவோம். சார்லட்டு அரசியார் 1818இல் மறைந்தார். நவாபு அளித்த மணிகளை விற்றுப் பெறும் பொருளைத் தம் புதல்வியர் நால்வர்க்கும் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். பின்னர் 1837இல் அவ்விரு வைரங்களும் இலண்டனில் ஏலத்திற்கு வந்தன. வெசுட்மினிஸ்டர் பிரபு அவற்றை 11,000 பவுண்டுக்கு வாங்கினார். 1930இல் அவை பிரபுவின் குடும்பத்து முடியணி ஒன்றில் பதிக்கப்பட்டன. அக்குடும்பத்தார் மரண வரி செலுத்த வேண்டியிருந்தமையால், 1959இல் அம்முடியணி சோத்பி நிறுவனத்தில் ஏலத்திற்கு வந்தது. அமெரிக்க நகை வணிகராகிய ஹாரி வின்ஸ்டன் 1,10,000 பவுண்டு கொடுத்து அதனைப் பெற்றார்.

வின்ஸ்டன் அவ்வைரங்களின் ஒளியை மிகுவிக்கக் கருதி, மீண்டும் அவற்றை வெட்டச் செய்தார். 33.70 காரட்டாக இருந்த பெரிய கல் 30.99 ஆகக் குறைந்தது. 23.65 காரட்டாக இருந்த சிறிய கல் 18.85 ஆகக் குறைந்தது. பின்னாளில் மறுமுறையும் வெட்டப்பட்டு அது 17.21 காரட்டாயிற்று. ஒளி மிகுந்தது உண்மை. உட்குற்றமற்ற தூய வைரமாயிற்று என்பதும் உண்மை. ஆயினும் நவாபு அளித்த அந்தக் கல், அரசி அணிந்த அந்தக் கல், முழுமையாக இன்று இல்லை. கானப்பேர்க் கோட்டையைப் பாடிய புலவர் கூறிய உவமை இங்கும் பொருந்தும். காய்ந்த இரும்பு உண்ட நீர் மீளாததுபோலவே, சாணைச் சக்கரம் தின்ற ஆறரைக் காரட்டுக்குச் சற்றே குறைந்த வைரமும் மீளாது. மணியின் மதிப்பு ஒளியில் மட்டும் உள்ளதா? அதன் வரலாற்றிலும் உள்ளதா? இவ்வினாவை நாள்தோறும் எதிர்கொள்பவர் ஏல வல்லுநரே.

அச்சிறிய கல் 2019ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நியூயார்க்கு நகரில் கிறிஸ்டி நிறுவனத்தின் ஏலத்திற்கு வந்தது. இந்திய அரசர்களின் அணிகலன்களும் முகலாயர் காலக் கலைப்பொருள்களும் அடங்கிய பெரும் தொகுதி அது. மொத்தத்தில் பத்துக் கோடி டாலருக்கு மேல் விற்பனை நடந்தது. ஆர்க்காட்டு வைரம் மட்டும் 33 லட்சம் டாலருக்கு மேல் விலை பெற்றது. அந்நாளில் அந்நிறுவனத்தின் நகைப் பிரிவுக்கு உலகத் தலைவராக விளங்கியவர் ராகுல் கடாக்கியா. அவர் மும்பையில் நகை வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். ஒரு காலத்தில் இந்திய மணிகளைப் பிறர் மதிப்பிட்டனர். இன்று உலகத்து மணிகளை இந்தியர் மதிப்பிடுகின்றனர். காலத்தின் மாற்றம் கருதத்தக்கது.

மணியின் வரலாற்றை ஆராய்வது பெருமைக்காக மட்டும் அன்று, நீதிக்காகவும் ஆகும். போரில் கொள்ளை போனதா, கோயிலிலிருந்து திருடப்பட்டதா, நேர்மையாக விலைக்கு வாங்கப்பட்டதா என்பதை ஏலத்திற்கு முன்பே அறிய வேண்டும். 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது, திப்பு சுல்தானின் பொற்சிங்காதனத்தைத் துண்டு துண்டாக உடைத்துப் படையினர் பங்கிட்டனர். அதன் உறுப்புகள் பல கடல் கடந்து சென்றன. மணிகள் பதித்த புலித்தலை ஒன்று 2009இல் இலண்டனில் ஏலம் போயிற்று. உத்தரப்பிரதேசத்துப் பிப்ராவா என்னும் இடத்தில் 1898இல் அகழ்ந்தெடுத்த மணிகளின் நிலை வேறாக முடிந்தது. அவை புத்தர்பிரானின் எலும்புகளோடு கிடைத்தவை. 2025ஆம் ஆண்டு மே திங்களில் அவற்றுள் ஒரு பகுதியை ஹாங்காங்கில் ஏலமிடுவதாகச் சோத்பி நிறுவனம் அறிவித்தது. வழிபாட்டிற்குரிய பொருளை விலைப்பொருளாக்குதல் தகாது என்று இந்திய அரசு தடை கூறியது. ஏலம் நின்றது. இந்திய நிறுவனம் ஒன்றின் துணையுடன் ஜூலை திங்களில் அம்மணிகள் தாயகம் திரும்பின. விலை கூற முடியும் என்பதனாலேயே ஒரு பொருள் விற்பதற்குரியதாகிவிடாது என்பதை அந்நிகழ்ச்சி உலகிற்கு உணர்த்தியது.

செட்டிநாட்டாருக்கு இச்செய்திகள் தொலைவானவை அல்ல. நகரத்தார் திருமணத்தில் மணமகளின் கழுத்தில் அணிவிக்கும் கழுத்துரு, பல உருக்களைக் கோத்த பெருமைமிக்க பொன் அணியாகும். பருமா முதலிய நாடுகளில் செய்த வாணிகம் குன்றியபின் பல பெருவீடுகளின் பழம்பொருள்கள் காரைக்குடிக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. பொருளின் அருமை அறியாது விற்றோர்க்கு இழப்பு. அறிந்து ஆய்ந்தோர்க்கு ஊதியம். உடன்பிறந்தார் பாகம் பிரிக்கும் நாளிலும் நேர்மையான மதிப்பீடு ஒன்று இருப்பின் உறவு முறியாது.

பெருநகரத்து ஏலக்கூடத்தில் மட்டும் இக்கலை வாழ்கிறது என்று கருதற்க. காளையார்கோவில் போன்ற ஊர்களில் விதைக்கும் உரத்திற்கும் பணம் வேண்டி, உழவர் குடும்பத்துப் பெண்கள் காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கழற்றிக்கொண்டு வங்கிக்கு வருகின்றனர். அங்கே நகை மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரைத்து, எடை போட்டு, கல்லின் எடையைக் கழித்து, பொன்னின் மாற்றைக் கூறுகிறார். கோடிக்கணக்கான டாலர் அங்கே இல்லை. ஓர் ஆண்டின் வெள்ளாமையும் ஒரு மகளின் திருமணமும் அவருடைய சொல்லைப் பற்றி நிற்கின்றன. குறைத்துச் சொன்னால் அப்பெண்ணுக்குக் கேடு. மிகுத்துச் சொன்னால் வங்கிக்குக் கேடு. நியூயார்க்கில் வைரம் நோக்குபவருக்கும் இவருக்கும் வேண்டும் பண்பு ஒன்றே.

நோட்டம் பொய்த்தால் விளையும் தீமை எத்தகையது என்பதைச் சிலப்பதிகாரத்தினும் தெளிவாக உரைக்கும் நூல் இல்லை. கோவலன் விற்க வந்த சிலம்பை, அரசியின் சிலம்பு என்று பொற்கொல்லன் ஒருவன் பொய் கூறினான். பாண்டியன் ஆராயாது அதனை நம்பினான். கோவலன் கொலையுண்டான். அதன்பின் கண்ணகி அவையில் தன் சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள். உடைந்த சிலம்பிலிருந்து தெறித்தவை மாணிக்கங்கள். நொடிப்பொழுதில் முடியக்கூடிய அந்தச் சோதனை ஒருநாள் முன்னதாக நடந்திருந்தால் ஒரு வணிகனும் ஓர் அரசனும் உயிர் இழந்திரார், மாநகரமும் எரிந்திராது. மணியை அறிந்தவன் மறைத்தான். அறிய வேண்டியவன் ஆராயவில்லை. கல்லை நோக்கும் கண்ணுக்குக் கூர்மை வேண்டும். கண்டதைக் கூறும் நாவுக்கு வாய்மை வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தவரே மணிநோட்டம் வல்லவர் ஆவர்.